பாதி மறந்துபோன சிட்காம் எபிசோடைக் கண்டுபிடிப்பது எப்படி?

ஒரு காட்சி மட்டும் கண்ணிலேயே நிற்கும், எந்த எபிசோடு என்பது மட்டும் பிடிபடாது. அதைத் தேடிப் பிடிக்க ஒரு முறை இருக்கிறது. 'ஃப்ரெண்ட்ஸ்' தொடரை வைத்தே பார்க்கலாம். ராஸ், மோனிகா, சாண்ட்லர், ஜோயி, ஃபீபி, ரேச்சல் என்ற ஆறு நண்பர்களைப் பற்றிய அமெரிக்க சிட்காம், அதாவது நகைச்சுவைத் தொடர் அது. 1994 முதல் 2004 வரை 10 சீசன்கள், 236 எபிசோடுகள். நமக்கு ஞாபகம் இருப்பது இவ்வளவுதான்: ராஸ் ஒரு சோபாவை மாடிப்படியில் ஏற்றப் பாடுபடுகிறான், "பிவட்! பிவட்!" (திருப்பு! திருப்பு!) என்று கத்துகிறான்.

1. தேடுவதற்கு முன்பே எழுதி வையுங்கள். யார் யார் இருந்தார்கள், எந்த இடம், என்ன பொருள், என்ன வசனம். உறுதியாகத் தெரிந்ததைத் தனியாகவும், 'அப்படித்தான் இருந்திருக்கும்' என்பதைத் தனியாகவும் குறியுங்கள். நாலு பக்கம் படித்துவிட்டு எழுத உட்கார்ந்தால், பார்த்தது எது, படித்தது எது என்று பிரிக்கவே முடியாது.

2. சீசனைப் பிடியுங்கள். பாதி வேலை இதில்தான் முடிகிறது. அந்தச் சமயத்தில் யார் எந்த வீட்டில் இருந்தார்கள், யார் யாரைக் காதலித்தார்கள் என்று யோசியுங்கள். ராஸ் சோபா வாங்குவது புது வீட்டுக்கு. அந்த வீடு அவனுக்குக் கிடைப்பது 5-வது சீசனின் 14-வது எபிசோடில், மோனிகா-சாண்ட்லர் காதல் எல்லோருக்கும் தெரியவரும் அதே எபிசோடில். ஆக, அதற்கு முந்தைய எதையும் பார்க்கவே வேண்டாம். இதேபோல, மோனிகாவும் ரேச்சலும் இருந்த பெரிய வீட்டில் ஜோயியும் சாண்ட்லரும் குடியிருந்தால் அது 4-வது சீசன்தான்.

3. தலைப்பை நம்பாதீர்கள். புதிதாகத் தேடுகிறவர்கள் இங்கேதான் தவறவிடுகிறார்கள். ஒரு சிட்காம் எபிசோடில் பொதுவாக இரண்டு மூன்று கதைகள் ஓடும். தலைப்பு அதில் ஒன்றைத்தான் சொல்லும். நாம் தேடும் எபிசோடின் பெயர் 'தி ஒன் வித் தி காப்', 5-வது சீசனின் 16-வது எபிசோடு. ஃபீபி கையில் ஒரு போலீஸ் பேட்ஜ் கிடைக்கும் கதையை வைத்து வந்த பெயர் அது. அதனால் தலைப்புகளை மட்டும் மேய்ந்தால் சோபா கண்ணிலேயே படாது. விக்கிப்பீடியாவின் எபிசோடு பட்டியலுக்குப் போய், கதைச்சுருக்கத்தைக் கடைசி வரி வரை படியுங்கள்.

4. அப்புறம்தான் கூகுள். தொடரின் பெயர், கதாபாத்திரம், பொருள் மூன்றையும் ஆங்கில எழுத்தில் சேர்த்துத் தட்டுங்கள். முழு வசனத்தை மேற்கோள் குறிக்குள் போட வேண்டாம். ஒரு சொல் மாறினாலும் எதுவும் வராது. உறுதியாகத் தெரிந்த ஓரிரு சொற்கள் போதும்.

5. பார்த்து உறுதி செய்யுங்கள். சோபா இரண்டு துண்டாகக் கடைக்குத் திரும்பிப் போய், பணத்துக்குப் பதில் அதே கடையில் பொருள் வாங்கிக்கொள்ள ராஸுக்கு 4 டாலர் வரவு கிடைத்தால், சரி, அதேதான்! எல்லாம் பொருந்தி ஒரு காட்சி மட்டும் இல்லையென்றால், முன்னும் பின்னும் உள்ள எபிசோடுகளைப் பாருங்கள். அங்கேயும் இல்லையா? இந்தத் தொடரின் டிவிடியில் பல எபிசோடுகள் ஒளிபரப்பானதைவிட நீளமானவை. நீங்கள் தேடும் காட்சி அதில் மட்டும் இருக்கலாம்.