புல்லாங்குழலில் சென்சார்: துளையை விடுங்கள், கட்டைவிரலைப் பாருங்கள்

வாசிக்கும்போதே கணினி வழியாக ஒலியை மாற்ற, குழலில் சென்சார் பொருத்தலாம் என்றதும் பலருக்கும் துளைமேல்தான் கண் போகிறது. கர்நாடகக் குழலில் அந்தப் பக்கமே போகாதீர்கள். துளையை அரையும் காலுமாக மூடித் திறந்துதான் கமகம், அதாவது ஸ்வரத்தின் நெளிவு, பிறக்கிறது, அங்கே மெல்லிய தகடு ஒன்றை ஒட்டினாலும் விரல் தடுமாறும். எந்த ஸ்வரம் ஒலிக்கிறது என்பதை மைக் வழியாகவே கணினி கண்டுபிடித்துவிடும். வாசிப்புக்குத் தேவைப்படாமல் உடம்பில் மிச்சமிருக்கும் அசைவு எது? சென்சாரை அங்கே வையுங்கள்.

அமெரிக்க இசையமைப்பாளர் மேத்யூ பர்ட்னர் 1990களின் இறுதியில் டெனர் சாக்ஸபோனில் செய்தது எனக்கு மிகவும் பிடித்த வேலை. சாக்ஸபோன் சாவி மூடியபின் எவ்வளவு அழுத்தினாலும் ஒலி அநேகமாக மாறாது, அந்த உபரி அழுத்தத்தை அவர் சாவிமேல் சென்சார் வைத்துப் பிடித்தார். மாண்ட்ரியல் கலைஞர் க்ளியோ பலாசியோ-கின்டின் 1999-இல் தொடங்கிய, சென்சார்கள் பொருத்திய ஹைப்பர்-ஃப்ளூட் என்ற புல்லாங்குழலும் இதே குடும்பம். நம் குழலில் ஏழு விரல்கள் துளைகளில் இருக்கின்றன, கட்டைவிரல்கள் இரண்டும் தாங்குவதோடு சரி. இரண்டில் எது குறைவாகப் பாரம் சுமக்கிறதோ அதில் தொடங்குங்கள்.

ஒரு ஈஎஸ்பி32 போர்டு (ப்ளூடூத் உள்ள குட்டிக் கணினி), ஒரு எஃப்எஸ்ஆர் 402 அழுத்த சென்சார், ஒரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர், இவ்வளவுதான். சென்சாரின் ஒரு காலை 3.3 வோல்ட்டில் கொடுங்கள். இன்னொரு கால் 34-ஆம் பின்னுக்குப் போகட்டும், அதே இடத்திலிருந்து ரெசிஸ்டர் வழியாக கிரவுண்டுக்கும் இணையுங்கள். எஃப்எஸ்ஆர் வாலில் நேரடியாகச் சால்டரிங் வேண்டாம், பிளாஸ்டிக் உருகிவிடும், சொருகும் கனெக்டர் வாங்கிக்கொள்ளுங்கள். குழலில் துளை போடவும் கூடாது, சுருதி போய்விடும். சென்சாரைத் துணி டேப்பால் ஒட்டி, போர்டையும் பேட்டரியையும் இடுப்பில் மாட்டி, மெல்லிய ஒயரை இழுத்துவிட்டால் குழலின் எடை அநேகமாக ஏறாது.

அப்புறம் கோட். அழுத்தத்துக்கேற்ப போர்டு 0 முதல் 4095 வரை தரும் எண்ணை அப்படியே அனுப்பினால் நடுங்கும், அதனால் பழைய மதிப்பில் 90 சதவீதம், புதியதில் 10 சதவீதம் என்று கலந்துகொண்டே போங்கள். குழலைச் சாதாரணமாகப் பிடித்திருக்கும்போது வரும் எண்ணைக் குறித்து, அதற்குக் கொஞ்சம் மேலே பூஜ்யத்தை வையுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு பிடியும் விளைவாகிவிடும். மீதியை 0–127-க்குச் சுருக்கி ப்ளூடூத் மிடியாக (இசைக்கருவிகளும் கணினியும் பேசிக்கொள்ளும் மொழி) கணினிக்கு அனுப்பலாம்.

உண்மையான இசை வேலை இதற்கப்புறம்தான், அழுத்தத்தை எதோடு இணைப்பது என்பதில். எக்கோ, ரிவெர்ப் எல்லாம் சீக்கிரம் சலிக்கும். பியூர் டேட்டா என்ற இசை மென்பொருளில் இதைச் செய்து பாருங்கள்: கட்டைவிரல் அழுத்தியதும் அந்த நொடியின் ஸ்வரம் உறைந்து நீள, மூச்சு எடுக்கும் இடைவெளியிலும் அது தொடர, அதன்மேல் நீங்கள் ஆலாபனையைக் கொண்டுபோவது. மூச்சோடு ஒலி நின்றுவிடும் கருவிக்கு இது பெரிய விடுதலை. ஸட்ஜமும் பஞ்சமமும் உறைந்தால் பெரும்பாலும் பொருந்தும், காந்தாரத்தை உறையவைத்தால் அடுத்து வரும் ஸ்வரங்களோடு மோதலாம். பஞ்சமமே இல்லாத ராகமென்றால் ஸட்ஜத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

குழலின் சாய்வை அளக்க எம்பியூ-6050 என்ற அசைவு சென்சாரைச் சேர்ப்பதை இது கைக்குப் பழகியபின் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் தாளத்துக்குத் தலையாட்டுவதையும் அது சைகையாக எடுத்துக்கொள்ளும். குழலுக்கு எண்ணெய் தடவும் நாளில் மட்டும் டேப்பைக் கழற்றிவிட்டு, மூங்கில் எண்ணெயை முழுக்க உறிஞ்சியபின் திரும்ப ஒட்டுங்கள்.