"ஏதாவது வேணும்னா சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு வராதீர்கள்

சொந்தத்திலோ பக்கத்து வீட்டிலோ மூளை முடக்குவாதம் (செரிப்ரல் பால்ஸி, மூளை பாதிப்பால் உடல் அசைவு கட்டுப்படாத நிலை) உள்ள பிள்ளையை ஒரு அம்மா தனியாகப் பார்த்துக்கொள்கிறார் என்றால், நலம் விசாரித்துவிட்டு வாசலில் செருப்பு மாட்டும்போது நாம் சொல்வது இதைத்தான். அவர் சொல்லவே மாட்டார். யாரிடம் என்ன கேட்கலாம் என்று யோசிப்பதே அவருக்கு இன்னொரு வேலை. நாளையும் நேரத்தையும் நீங்களே சொல்லுங்கள்: "சனிக்கிழமை மூணு மணிலேர்ந்து ஆறு வரைக்கும் நான் இருக்கேன்க்கா, நீங்க வெளிய போய்ட்டு வாங்க." அந்த நேரத்தில் அவர் தூங்கினாலும் சரி, கடைத்தெரு சுற்றினாலும் சரி, கணக்குக் கேட்காதீர்கள்.

முதல் சில தடவை அவர் கூட இருக்கும்போதே வேலையைப் பழகிக்கொள்ளுங்கள், குறிப்பாக ஊட்டுவதை. பிள்ளையை நிமிர்த்தி உட்காரவைத்து, தலை பின்னால் சாயாமல் தாடை லேசாகத் தாழ்ந்திருக்கும்படி தாங்கிக்கொண்டு, நீங்களும் அவன் முகத்துக்கு நேராக உட்கார்ந்து, சின்னக் கரண்டியில் கொஞ்சமாகக் கொடுங்கள். விழுங்கிய பிறகுதான் அடுத்த வாய். நின்றபடி மேலிருந்து ஊட்டினால் அவன் அண்ணாந்துவிடுவான், சாப்பாடு மூச்சுக்குழாய்க்குள் போகலாம். கெட்டியான கஞ்சியைவிடத் தண்ணீர்தான் பலருக்குச் சட்டென்று புரையேறும். சாப்பிட்டதும் அரை மணி நேரமாவது படுக்க வைக்க வேண்டாம்.

பிள்ளை வளர வளர, தூக்கித் தூக்கியே அம்மாவின் இடுப்பு போய்விடும். குளிப்பாட்டும் நேரத்துக்கு ஒரு ஆள் வந்து கால் பக்கம் பிடித்தாலே பெரிய உபகாரம்.

வீட்டுக்கு வர முடியாதவர்கள் அலைச்சல் வேலையை எடுத்துக்கொள்ளலாம். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் பராமரிப்பு உதவித்தொகைக்கு விண்ணப்பித்தாயிற்றா என்று பாருங்கள். மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை (நேஷனல் டிரஸ்ட்) நடத்தும் நிராமயா மருத்துவக் காப்பீடு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை தருகிறது, தெரபி செலவும் அதில் வரும். பலர் கோட்டை விடுவது ஒன்று உண்டு: 18 வயது முடிந்துவிட்டால் பெற்றோர் தானாகவே சட்டப்படி பாதுகாவலர் ஆகிவிட மாட்டார்கள். அறிவுசார் குறைபாடும் இருந்து, தானே முடிவெடுக்க முடியாத நிலை என்றால், 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி கலெக்டர் உள்ள உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும். படிவத்தை நிரப்பி, ஜெராக்ஸ் எடுத்து, கையெழுத்து போடுகிற இடத்தில் பென்சிலால் குறித்துக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

அப்புறம், எந்தக் கோயிலுக்குப் போனால் சரியாகும், எந்த ஊர் வைத்தியர் கைராசிக்காரர் என்பதெல்லாம் அவர் ஏற்கெனவே நூறு பேரிடம் கேட்டாயிற்று.