அனுபியாஸை மணலில் புதைக்காதீர்கள்

மீன் தொட்டியில் முதன்முதலாகச் செடி வைக்கிறவர்கள் அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் இரண்டையும் வாங்கிவந்த கையோடு மணலில் அமுக்கி நட்டுவிடுவார்கள். இலைக்காம்புக்குக் கீழே இஞ்சித்துண்டு மாதிரி தடித்த தண்டு ஒன்று படுத்திருக்கும். அது மணலுக்குள் போனால் அழுகிவிடும். நானும் ஒன்றைப் பறிகொடுத்திருக்கிறேன். தொட்டதும் கொழகொழவென்று இலை கையோடு வந்தது, நாற்றம் வேறு.

கருப்புப் பருத்தி நூலால் ஒரு கல்லிலோ மரக்கட்டையிலோ வைத்து இரண்டு சுற்று, இறுக்காமல் கட்டுங்கள். நாளடைவில் வேர் தானே பற்றிக்கொள்ளும், நூல் மக்கிவிடும். வேர் மட்டும் மணலில் இறங்கினால் பரவாயில்லை.

விளக்கு தினம் 6 முதல் 8 மணி நேரம் போதும். அதிகம் எரிந்தால், மெதுவாக வளரும் அனுபியாஸ் இலையில்தான் முதலில் பாசி படியும்.