நீலகிரி வீட்டுத் தோட்டத்தில் மாசி முதல் சித்திரை வரை: புதியவர்களுக்கான வேலை வரிசை

சமவெளியில் ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்பார்கள். நீலகிரியின் உயரமான பகுதிகளில், உறைபனி விலகிய பிறகு கோடை மழை வலுப்பதற்கு முன் கிடைக்கும் சில வாரங்களே வீட்டுத் தோட்டத்துக்கு முதன்மையான பட்டம். பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் முடிய உள்ள இந்தக் காலத்தில் எந்த வேலையை முதலில் செய்வது, எதைத் தள்ளி வைப்பது என்பதை அறிந்துகொண்டால், வீட்டின் பின்புறம் நான்கு பாத்தி மட்டுமே உள்ளவரும் ஒரு குடும்பத்துக்கு வேண்டிய கேரட், பீட்ரூட், பீன்ஸ், கீரை ஆகியவற்றில் பெரும்பகுதியைத் தாமே விளைவித்துக்கொள்ள முடியும். புதிதாகத் தொடங்குபவர்களில் பலர் முதலில் விதைப் பொட்டலம் வாங்குகிறார்கள். மலையில் மண் வேலை முடிந்த பிறகே விதையைப் பற்றி நினைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கீழே உள்ள வரிசையும் அந்தக் கருத்தின்படியே அமைந்துள்ளது.

முதல் வேலை: உங்கள் இடத்தில் பனி முடிந்துவிட்டதா என்று பாருங்கள்

உதகை கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்திலும், குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரத்திலும், கூடலூர் ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்திலும் இருக்கின்றன. எனவே ஒரே மாவட்டத்துக்குள்ளேயே விதைக்கும் நாள் வாரக்கணக்கில் மாறுபடும். உயரம் மட்டுமின்றி நிலத்தின் அமைப்பும் இதில் முக்கியமானது. குளிர்ந்த காற்று கனமானது என்பதால் இரவில் அது சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது. தலைக்குந்தா, காந்தல் போன்ற தாழ்வான இடங்களில் புல்வெளி வெள்ளையாக உறைந்து கிடக்கும் அதே காலையில், சற்று மேலே சரிவில் உள்ள வீட்டில் வெறும் நீர்ப்பனி மட்டும் இருப்பதற்கு இதுவே காரணம்.

ஆகவே நாட்காட்டியை மட்டும் நம்பாமல், அதிகாலையில் உங்கள் தோட்டத்தின் மிகத் தாழ்வான மூலையில் உள்ள புல்லைக் கவனியுங்கள். தொடர்ந்து இரண்டு வாரம் அங்கே உறைபனி படியவில்லை என்றால் பீன்ஸ், தக்காளி, உருளைக்கிழங்கு போன்ற பனி தாங்காத பயிர்களைத் தொடங்கலாம். கேரட், பட்டாணி, முட்டைகோஸ் ஆகியவை இளம் பருவத்தில் லேசான பனியைத் தாங்கிக்கொள்ளும் என்பதால் அவற்றுக்கு இவ்வளவு காத்திருக்கத் தேவையில்லை. எப்போதாவது ஓர் இரவு வானம் மேகமின்றி, காற்றும் அசையாமல் இருந்தால் அன்று இளஞ்செடிகளை மூடி வையுங்கள். உதகை அரசு தாவரவியல் பூங்காவில் மலர்ச்செடிகளைப் பனியிலிருந்து காக்க மிலார் செடிகளைக் கொண்டு மூடுவதைப் பார்த்திருப்பீர்கள். வீட்டில் அதற்கு ஈடாகக் காய்ந்த புல்லோ பழைய சாக்கோ போதும்.

இரண்டாம் வேலை: பனியில் கருகிய செடிகளும் ரோஜாக் கவாத்தும்

ஜெரேனியம், ஃபியூஷியா போன்ற செடிகள் ஜனவரிப் பனியில் கருகி, பார்ப்பதற்குச் செத்தவை போலவே நிற்கும். அவற்றை அவசரப்பட்டுப் பிடுங்க வேண்டாம். தண்டின் பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே ஈரப்பசையுடன் பச்சை நிறம் தெரிந்தால் அந்த இடம் உயிரோடு இருக்கிறது. பழுப்பாக, உலர்ந்து இருந்தால் இன்னும் சற்றுக் கீழே சுரண்டுங்கள். பச்சை தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே வெட்டிவிட்டால் அங்கிருந்து புதிய தளிர் வரும். ஆனால் பனிக்காலம் முழுமையாக முடியும்வரை இந்த வெட்டை ஒத்திப்போடுவது நல்லது. கருகிய இலைகள் அதுவரை உள்ளே இருக்கும் மொட்டுகளுக்கு மறைப்பாக இருக்கும்.

மே மாதத்தில் பூ வேண்டுமென்றால் ரோஜாவை பிப்ரவரிக்குள் கவாத்து செய்துவிட வேண்டும். காய்ந்த குச்சி, நோயுற்ற குச்சி, ஒன்றோடொன்று உரசும் குச்சி ஆகியவற்றை முதலில் அகற்றுங்கள். மீதமுள்ள தண்டுகளில் செடியின் வெளிப்புறம் நோக்கியுள்ள மொட்டைத் தேர்ந்து, அதற்கு அரை சென்டிமீட்டர் மேலே, மொட்டுக்கு எதிர்ப்புறம் சரியும்படி சாய்வாக வெட்டினால் மழைநீர் மொட்டின் மேல் தேங்காது. கத்தரிக்கோல் கூர்மையாக இருப்பது மிக முக்கியம். நசுங்கிய வெட்டுவாயில்தான் பூஞ்சை எளிதில் நுழைகிறது.

மூன்றாம் வேலை: மண்

இந்தக் கட்டுரையில் நீங்கள் எதை விட்டாலும் இந்தப் பகுதியை விட்டுவிடாதீர்கள்.

நீலகிரியின் மண் பெரும்பாலும் அமிலத்தன்மை உடையது. காலங்காலமாகப் பெய்யும் மழை, மண்ணிலுள்ள கால்சியத்தையும் மக்னீசியத்தையும் அடித்துச் சென்றுவிடுகிறது. அமிலம் மிகுந்த மண்ணில் நீங்கள் இடும் மணிச்சத்து (பாஸ்பரஸ்) இரும்பு, அலுமினியம் ஆகியவற்றோடு பிணைந்து, வேருக்குக் கிடைக்காமல் போய்விடும். எரு போட்டும் பீட்ரூட் பருக்கவில்லை, பூண்டு மஞ்சளாகவே நிற்கிறது என்று பலர் வருந்துவதற்குப் பெரும்பாலும் இதுவே அடிப்படை. உங்கள் வீட்டுமனை முன்பு தேயிலைத் தோட்டமாக இருந்திருந்தால் அமிலம் இன்னும் கூடுதலாக இருக்க வாய்ப்புண்டு. வாசலில் உள்ள ஹைட்ரேஞ்சியா அடர்நீலத்தில் பூக்கிறது என்றால் அதுவும் மண்ணின் அமிலத்தைக் காட்டும் ஓர் அடையாளம். இருப்பினும் பூவின் நிறத்தைக் கொண்டு அளவைத் தீர்மானிக்க முடியாது என்பதால், தொடக்கத்தில் ஒருமுறையாவது மண் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. தோட்டத்தில் நான்கைந்து இடங்களில் ஒரு சாண் ஆழம்வரை மண் எடுத்து, ஒன்றாகக் கலந்து, நிழலில் உலர்த்தி, அரை கிலோ அளவு கொடுத்தால் போதும். வட்டாரத் தோட்டக்கலைத் துறை அலுவலகத்தில் கேட்டால் எங்கே கொடுப்பது என்று சொல்வார்கள்.

அமிலத்தைக் குறைக்க டோலமைட் தூள் பொருத்தமானது. அதில் கால்சியமும் மக்னீசியமும் சேர்ந்தே இருக்கின்றன. பரிசோதனை முடிவு கையில் இல்லாத நிலையில், ஒரு சதுர மீட்டருக்கு 200 கிராம் என்ற மிதமான அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். விதைப்பதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே தூவி, மண்ணைக் கொத்திக் கலந்து, ஈரம் காக்க வேண்டும். தொழுஉரத்தையும் டோலமைட்டையும் ஒரே நாளில் கலக்காதீர்கள். அவ்வாறு செய்தால் எருவிலுள்ள தழைச்சத்தின் (நைட்ரஜன்) ஒரு பகுதி அம்மோனியாவாகிக் காற்றில் போய்விடும். முதலில் டோலமைட், இரண்டு வாரம் கழித்து நன்கு மக்கிய எரு என்பதே சரியான வரிசை. உருளைக்கிழங்குக்கு ஒதுக்கியிருக்கும் பாத்தியில் டோலமைட் இட வேண்டாம்; அமிலம் குறைந்தால் கிழங்கின் தோலில் சொறிநோய் கூடும். கமேலியா, அசேலியா ஆகியவற்றின் அருகிலும் அதைத் தூவக் கூடாது, ஏனெனில் அவை அமில மண்ணையே விரும்புபவை.

பாத்தியைச் சரிவுக்குக் குறுக்கே அமையுங்கள். சரிவின் போக்கிலேயே மேலிருந்து கீழாகப் பாத்தி போட்டால், ஏப்ரலில் ஒரு மணி நேரம் அடிக்கும் கோடை மழை நீங்கள் சேர்த்த எருவையும் மேல்மண்ணையும் சாலைக்குக் கொண்டுவந்துவிடும். ஒரு மீட்டர் அகலம், ஒரு சாண் உயரம் கொண்ட மேட்டுப்பாத்தி வசதியானது. அந்த அகலத்துக்கு இரு பக்கமும் நின்று கைநீட்டினால் நடுப்பகுதி எட்டிவிடும் என்பதால் பாத்தியை மிதிக்கத் தேவையிருக்காது. கொத்திய மண்ணை வெறுமையாக விடாமல், விதைக்கும்வரை காய்ந்த புல்லாலோ சில்வர் ஓக் சருகாலோ மூடி வையுங்கள். யூகலிப்டஸ் சருகை மட்டும் விதைப்பாத்தியில் தவிர்த்துவிடுங்கள். அது விதை முளைப்பதைத் தடுக்கக்கூடியது.

நான்காம் வேலை: விதைப்பும் நடவும்

கேரட்டை நாற்றுவிட்டு நடக் கூடாது; வேர் வளைந்துவிடும். நேரடியாகப் பாத்தியிலேயே விதைக்க வேண்டும். அதற்கான பாத்தியில் கல்லும் புதிய சாணமும் இருந்தால் கிழங்கு இரண்டாக மூன்றாகக் கிளைத்துப் போகும் என்பதால், மண்ணை ஓர் அடி ஆழம்வரை கொத்தி, கைக்கு அகப்படும் கற்களைப் பொறுக்கிவிடுங்கள். விதை மிகவும் சிறியது. ஒரு பங்கு விதைக்கு நான்கைந்து பங்கு உலர்ந்த மணல் கலந்து, ஓர் அடி இடைவெளியில் விரலால் கீறிய கோடுகளில் மெல்லியதாகத் தூவி, ஒரு சென்டிமீட்டருக்கு மேல் போகாமல் மண்ணால் மூடுங்கள். பிறகு ஈரச் சாக்கை விரித்து, காலையும் மதியமும் பூவாளியால் நனைத்துவிடுங்கள். மலைக்குளிரில் கேரட் முளைக்கப் பத்து நாள் முதல் இரண்டு வாரத்துக்கு மேலும் ஆகலாம். அந்த நாட்களில் மேல்மண் ஒரே ஒருநாள் முழுமையாகக் காய்ந்துவிட்டாலும் முளைப்பு குன்றிவிடும். எட்டாம் நாளிலிருந்து தினமும் சாக்கைத் தூக்கிப் பாருங்கள். நூல் போன்ற மெல்லிய வளைந்த முளைகள் மண்ணைப் பிளந்து தலைநீட்டும் அன்றே, வெயில் தாழ்ந்த மாலையில் சாக்கை எடுத்துவிட வேண்டும். செடி விரல் உயரம் வந்ததும் இரண்டு செடிகளுக்கு இடையே மூன்று விரற்கடை இடம் இருக்குமாறு மற்றவற்றைக் களைந்துவிடுங்கள். மனம் வராமல் எல்லாவற்றையும் விட்டுவைத்தால் எதுவும் பருக்காது.

பீட்ரூட்டின் ஒவ்வொரு விதையும் உண்மையில் பல விதைகளின் கொத்து. ஓர் இடத்தில் மூன்று நான்கு முளை வருவது இயல்பு. ஒன்றை விட்டுவிட்டு மற்றவற்றைப் பிடுங்கிக் கீரையாகச் சமைத்துவிடலாம். முட்டைகோஸை நாற்றங்காலில் விதைத்து, சுமார் ஒரு மாத நாற்றை ஒன்றரை அடி இடைவெளியில் நடுங்கள்.

உருளைக்கிழங்குக்குச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியுள்ளது. மலையில் மார்ச், ஏப்ரல் மாதங்கள் அதன் முக்கியமான நடவுக்காலம். கோழிமுட்டை அளவுள்ள, குட்டையான தடித்த முளைகளுடன் கூடிய விதைக்கிழங்கை, வரிசைக்கு வரிசை ஒன்றரை அடி முதல் இரண்டு அடியும், கிழங்குக்குக் கிழங்கு முக்கால் அடியும் விட்டு நடவேண்டும். மார்ச் மாதத்திலேயே நட்டுவிடுவது சிறந்தது என்பேன். தென்மேற்குப் பருவமழையின் ஈரத்தில் இலைக்கருகல் நோய் வேகமாகப் பரவும். முன்கூட்டியே நட்ட செடியில் அதற்குள் கிழங்கு ஓரளவு பருத்திருக்கும். செடி ஓரடி உயரம் வந்ததும் இருபுறமும் மண் அணைத்துவிடுங்கள், வெளிச்சம் பட்ட கிழங்கு பச்சையாகி உண்ணத் தகாததாகிவிடும்.

கடையில் சமையலுக்கு வாங்கிய கிழங்கையோ, பக்கத்துத் தோட்டத்தில் கேட்டு வாங்கியதையோ விதையாக நடுவதில் ஓர் ஆபத்து உண்டு. வேரைத் தாக்கும் நுண்ணிய புழுவான உருளைக்கிழங்கு முட்டைக்கூட்டு நூற்புழு இந்தியாவில் முதன்முதலாக 1961-இல் உதகைப் பகுதியில்தான் கண்டறியப்பட்டது. அது கிழங்கில் ஒட்டிய மண்ணோடும், மண்வெட்டியோடும், செருப்போடும் வந்துவிடும். வந்தபின் பல ஆண்டுகள் மண்ணில் உயிரோடு கிடக்கும். செடி காரணமின்றிக் குட்டையாக நின்றால், பூக்கும் பருவத்தில் ஒன்றை மட்டும் மெதுவாகத் தோண்டி எடுத்து, வேரை உதறாமல் வெளிச்சத்தில் பாருங்கள். கடுகைவிடச் சிறிய, குண்டூசித் தலை போன்ற வெண்ணிற அல்லது பொன்மஞ்சள் மணிகள் வேரில் ஒட்டியிருந்தால் அது நூற்புழுவின் கூடு. அதனால் ஒரே பாத்தியில் உருளைக்கிழங்கைத் திரும்ப நட மூன்று நான்கு ஆண்டு இடைவெளி விடுங்கள். தக்காளியும் கத்தரியும் அதே குடும்பம் என்பதால் இடையில் அவையும் கூடாது. கேரட், முட்டைகோஸ், பூண்டு, பீன்ஸ் ஆகியவற்றைச் சுழற்சியாகப் போடலாம். சான்று பெற்ற விதைக்கிழங்கு கிடைக்கும்போது, இந்த நூற்புழுவைத் தாங்கும் ‘குஃப்ரி ஸ்வர்ணா’ ரகத்தைக் கேட்டுப் பாருங்கள்.

ஐந்தாம் வேலை: தண்ணீரும் காவலும்

மார்ச், ஏப்ரலில் மலையிலும் தண்ணீர்த் தட்டுப்பாடு உண்டு. காய்கறி கழுவிய நீரைத் தொட்டியில் சேர்த்து, காலையில் வேர்ப்பகுதிக்கு மட்டும் ஊற்றுங்கள். செடி ஒரு சாண் வளர்ந்ததும் காய்ந்த புல்லாலோ சருகாலோ மண்ணை மூடி இரண்டு அங்குல மூடாக்கு போட்டால் நீர் ஊற்றும் தேவை வெகுவாகக் குறையும். இரவில் தண்டை அறுக்கும் வெட்டுப்புழு, அறுபட்ட நாற்றின் அருகில் மண்ணுக்கடியில் சுருண்டு கிடக்கும். காலையில் விரலால் கிளறினால் அகப்பட்டுவிடும். மருந்து எதுவும் தேவையில்லை.

காட்டெருமையையும் காட்டுப்பன்றியையும் வேலி மட்டுமே தடுத்துவிடாது. சமையற்கழிவைத் திறந்த குழியில் கொட்டாமல் மூடியுள்ள தொட்டியில் மக்கவையுங்கள். அந்த வாசனைக்குக் கரடியும் வரும். மின் இணைப்பிலிருந்து நேரடியாக வேலியில் மின்சாரம் பாய்ச்சுவது சட்டப்படி குற்றம், மனித உயிருக்கும் ஆபத்து. உருளைக்கிழங்கு, கேரட் பாத்திகளை வீட்டுச் சுவரை ஒட்டியும், பன்றி அதிகம் நாடாத பூண்டையும் வெங்காயத்தையும் வெளி ஓரத்திலும் அமைப்பது ஓரளவு உதவும்.

கோடை மழை இரண்டு முறை நன்றாகப் பெய்த பிறகு மேரக்காய் (சௌசௌ) நடலாம். முளைவிட்ட முழுக்காயை, முளை மேல்நோக்கிச் சாய்ந்திருக்க, பாதி மண்ணில் புதைத்து, மீதியை வெளியே விடுங்கள். கொடி ஏறப் பந்தலை அதே வாரத்தில் கட்டிவிட வேண்டும். கொடி தரையில் படர்ந்தபின் தூக்கிக் கட்டினால் நுனி ஒடிந்துவிடும்.