ஒரு சாண் உயரம் பறக்கும் நாயகி: குட்டி சூப்பர் ஹீரோக்களை வைத்துக் கைபேசியில் நகைச்சுவைக் குறும்படம் எடுக்கும் முறை

சக்தி படைத்த நாலு பிள்ளைகள், அவர்களைப் பழக்கும் ஒரு பெரியவர். இந்தக் கதையை எடுக்க வீட்டு மொட்டை மாடியும் ஒரு கைபேசியும் போதும். ஆனால் முதலில் சரிசெய்ய வேண்டியது எழுத்தை. பிள்ளைகளைக் கேட்டால் ஒவ்வொருவரும் வானத்தில் பறக்க வேண்டும், கண்ணிலிருந்து நெருப்பு வர வேண்டும் என்பார்கள். அப்படி எடுத்தால் செலவும் ஆகும், சிரிப்பும் வராது. பயிற்சிக் கதையில் சிரிப்பு வருவது சொன்ன பேச்சைக் கேட்காத சக்தியால்தான். ஆகவே ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சக்தி, அதிலேயே ஒரு கோளாறு என்று கொடுங்கள். அந்தக் கோளாறுதான் கடைசிக் காட்சியில் உதவ வேண்டும்.

ஒரு மாதிரி: ஒருத்தி பறப்பாள், ஆனால் தரையிலிருந்து ஒரு சாண் உயரம்தான். ஒருவன் மூச்சைப் பிடித்திருக்கும் வரை மட்டும் மறைந்திருப்பான். ஒருவன் மின்னலாக ஓடுவான், திரும்பத் தெரியாது. இன்னொருத்திக்கு விக்கல் வரும்போது மட்டும் யானை பலம். பயிற்சி தருபவர் எந்தச் சக்தியும் இல்லாத பாட்டி, கையில் குடை. வில்லன் வேண்டாம். மாடியில் காயும் பாட்டியின் வடாமும், திரண்டு வரும் மழையும் போதும். ஒரு சாண் பறப்பவளால் மட்டுமே வடாத்தை மிதிக்காமல் அதன் மேல் போக முடியும். மறைந்திருப்பவனைக் காக்கை பார்க்காது. திரும்பத் தெரியாதவன் தட்டுகளை நேர்கோட்டில் மாடிப்படிக்குக் கொண்டு போவான். ஒரே ஒரு விக்கல், கயிற்றுக் கட்டிலோடு மொத்த வடாமும் மேலே எழும்பும்.

ஒரு பக்கத் திரைக்கதை ஏறக்குறைய 1 நிமிடப் படமாகும். 7 பக்கத்துக்கு மேல் எழுத வேண்டாம். பாட்டி நடத்தும் முதல் பாடத்தில் கோளாறு தெரிய வேண்டும், இரண்டாவதில் அது முற்ற வேண்டும், மூன்றாவதில் பாட்டி நம்பிக்கை இழக்க வேண்டும். பிறகு மழை. இந்த வரிசையைச் சுருக்கி முதல் பாடத்திலிருந்தே மழைக்குத் தாவினால், கடைசியில் பார்ப்பவருக்கு எதுவும் 'அட!' என்று தோன்றாது. இன்னொன்று: பிள்ளையின் உடல் பருமன், நிறம், திக்குவாய் இவற்றை வைத்து ஒரு வரிகூட எழுதாதீர்கள். நம் சினிமா காமெடி டிராக்குகளில் ஊறிய கை தானாகவே அங்கே போகும், பிடித்து நிறுத்த வேண்டும். சக்திதான் கோணல், பிள்ளை அல்ல.

உடை

மேலங்கிக்குப் பாப்ளின் துணி நல்லது. சாட்டின் பளபளப்பு வெயிலில் வெள்ளைத் திட்டாக விழும். 130 செ.மீ. உயரப் பிள்ளைக்கு நீளம் 65–70 செ.மீ., அதாவது முழங்காலுக்குச் சற்று மேலே நிற்க வேண்டும். அதைவிட நீண்டால் மாடிப்படியில் மிதித்து விழுவார்கள். கழுத்தில் முடிச்சு போடவே கூடாது. எதிலாவது மாட்டினால் கழுத்தை இறுக்கும். சட்டையின் இரண்டு தோளிலும் 5 செ.மீ. வெல்க்ரோ தைத்து ஒட்டுங்கள், இழுத்தால் கையோடு வந்துவிடும். முகமூடியை ஃபெல்ட் துணியில் வெட்டுங்கள். சார்ட் அட்டையின் விளிம்பு கண்ணோரத்தில் குத்தும். கண்ணாடி போட்ட பிள்ளைக்கு ஃபெல்ட்டைக் கண்ணாடியின் ஃப்ரேமிலேயே இரட்டை ஒட்டு டேப்பால் ஒட்டிவிடலாம், பார்க்கவும் வேடிக்கையாக இருக்கும். பச்சை நிறம் மட்டும் யாருக்கும் வேண்டாம். காரணம் கீழே வருகிறது.

கேமரா

இந்தியாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் ட்யூப் லைட் நொடிக்கு 100 முறை மினுங்கும். நொடிக்கு 30 ஃப்ரேமில் ஆட்டோவில் எடுத்தால் படத்தில் கோடுகள் ஓடுவது இதனால்தான். அமைப்புகளை நாமே மாற்றும் ப்ரோ மோடில் ஷட்டரை, அதாவது ஒவ்வொரு ஃப்ரேமும் ஒளி வாங்கும் நேரத்தை, 1/50 அல்லது 1/100 நொடி என்று வைத்தால் நின்றுவிடும். ஐபோனில் கேமரா அமைப்புக்குள் போய் PAL வடிவங்களைக் காட்டச் சொன்னால் நொடிக்கு 25 ஃப்ரேம் கிடைக்கும். ப்யூட்டி ஃபில்டரை அணையுங்கள்.

தந்திரக் காட்சிகள் எல்லாவற்றுக்கும் ட்ரைபாட் கட்டாயம். திரையில் ஓர் இடத்தை அழுத்திப் பிடித்து ஒளியையும் ஃபோகஸையும் பூட்டுங்கள். பூட்டாவிட்டால், பிள்ளை ஃப்ரேமை விட்டுப் போன உடனே கைபேசி வெளிச்சத்தை மாற்றிவிடும், வெட்டு பளிச்சென்று தெரியும். ஒவ்வொரு தந்திரத்துக்கும் முன்னால் ஆளில்லாத வெற்று இடத்தை 10 நொடி எடுத்து வையுங்கள். எடிட்டிங்கில் எதையாவது அழிக்க வேண்டி வந்தால் இதுதான் கை கொடுக்கும்.

மறைவது

ஜார்ஜ் மெலியே 1896-லேயே செய்த வித்தை இது. எல்லாரும் அப்படியே உறைந்து நிற்க, மறைய வேண்டியவன் மட்டும் நடந்து வெளியே போவான், மற்றவர்கள் மறுபடி அசைவார்கள். நடுவில் ரெக்கார்டிங்கை நிறுத்தாதீர்கள். பொத்தானைத் தொட்டாலே கைபேசி அரை மில்லிமீட்டர் நகரும், திரையில் சுவரே குதிக்கும். ஓட விட்டுவிட்டு பிறகு வெட்டுங்கள். கொடியில் காயும் துணி, மரக்கிளை, சுழலும் மின்விசிறி எதுவும் ஃப்ரேமில் இருக்கக் கூடாது. மேகம் வந்து போகும் நாளில் இந்தக் காட்சியைத் தொடவே வேண்டாம். வெட்டுக்கு முன்னும் பின்னும் வெயில் வேறாக இருக்கும்.

மூச்சைப் பிடிப்பது நடிப்புதான். கன்னத்தை உப்பிக்கொண்டு மூக்கால் சுவாசிக்கச் சொல்லுங்கள். உப்பிய கன்னத்தின் க்ளோஸப், உடனே ஆளில்லாத வைட் ஷாட், 2 நொடி கழித்து 'ஃபூ' என்ற சத்தம், ஆள் திரும்பவும் தெரிகிறான். மறைந்திருப்பவன் ஒரு மூடியை நகர்த்த வேண்டுமானால் 0.2 மி.மீ. தூண்டில் நரம்பைக் கட்டி இழுங்கள். வெற்றுச் சுவர் பின்னணியில் நரம்பு மின்னிக் காட்டிக்கொடுக்கும். செங்கல், செடி, கோலப் பாய் போன்ற நெருக்கமான பின்னணியில் தெரியாது. காக்கையைத் தனியாக எடுங்கள். ட்ரைபாடை வைத்துவிட்டு, கைப்பிடிச் சுவரில் சோற்றை வைத்து விலகிவிட்டால் அதுவே வந்து நடித்துவிட்டுப் போகும்.

ஒரு சாண் பறப்பது

படத்தில் மிக அதிக நேரம் கொடுக்க வேண்டிய காட்சி இது. கனடாவின் நார்மன் மெக்லாரன் 1952-இல் ஆட்களைத் திரும்பத் திரும்பக் குதிக்கவைத்து, உச்சியில் இருக்கும் கணத்தை மட்டும் ஃப்ரேம் ஃப்ரேமாகப் படமெடுத்து, அவர்கள் புல்வெளியில் மிதப்பதுபோலக் காட்டினார். அதையே செய்யப் போகிறோம். முதலில் தரையில் 10 செ.மீ. இடைவெளியில் சாக்பீஸ் புள்ளி வையுங்கள். சிறுமி ஒவ்வொரு புள்ளியிலும் நேராக மேலே குதிக்க வேண்டும். சரியான கணத்தில் க்ளிக் செய்யும் கவலை வேண்டாம்: நொடிக்கு 60 ஃப்ரேமில், ஷட்டர் 1/500 வைத்து, நல்ல வெயிலில் வீடியோவாகவே எடுங்கள். பிறகு ஒவ்வொரு குதிப்பிலும் மிக உயரமான ஃப்ரேமைப் பொறுக்கி, ஒவ்வொன்றையும் 2 ஃப்ரேம் நீளத்துக்கு அடுக்குங்கள். நொடிக்கு 25 ஃப்ரேம் கணக்கில் 2 நொடிப் பறத்தலுக்கு 25 குதிப்பு ஆகும். பிள்ளைக்கு அதுவே அதிகம். 8, 8, 9 எனப் பிரித்து இடையில் தண்ணீர் கொடுங்கள்.

கெட்டுப்போவது பெரும்பாலும் காலிலும் முகத்திலும். முழங்காலை மடக்கிக் குதித்தால் தவளை மாதிரி இருக்கும். பாதத்தைக் கீழ்நோக்கி நீட்டி, இரண்டு காலையும் ஒட்டிவைத்துக் குதிக்கப் பழக்குங்கள். கை ஒரே நிலையில் இருக்க, இடுப்பில் ஊன்றச் சொல்லுங்கள். பல்லைக் கடித்த முகம் வேண்டாம், பேருந்துக்குக் காத்திருப்பவர் முகம் வேண்டும். நிழலும் காலும் ஒட்டாமல் இருப்பதுதான் பறப்பதற்குச் சாட்சி, எனவே நிழல் ஃப்ரேமுக்குள் விழும் பக்கமாக நிறுத்துங்கள். வடாத்தின் மேல் பறக்கும் காட்சிக்கு, வடாத் துணியைக் கேமராவுக்கு முன்னால் விரித்து, கைபேசியைத் தரையோடு வைத்து, அவளைத் துணிக்கு அப்பால் குதிக்கச் சொன்னால் போதும்.

உண்மையிலேயே உயரப் பறக்கும் ஒரு கனவுக் காட்சி வேண்டுமென்று அடம்பிடித்தால் பச்சைத் துணிதான். பிள்ளைக்குப் பின்னால் அதைத் தொங்கவிட்டு எடுத்து, எடிட்டிங்கில் பச்சையை மட்டும் நீக்கி வானத்தை வைக்க வேண்டும். உடையில் பச்சை இருந்தால் அதுவும் சேர்ந்தே மறைந்துவிடும். கேமரா சென்சாரில் பச்சைப் புள்ளிகள் மற்ற நிறங்களைவிட இரண்டு மடங்கு, அதனால் விளிம்பு சுத்தமாக வெட்டுப்படும். பளபளக்காத பருத்தித் துணியை இஸ்திரி போட்டுத் தொங்கவிடுங்கள், இல்லாவிட்டால் சுருக்கத்தின் நிழல் வெட்டுப்படாமல் மிஞ்சும். பிள்ளை துணியிலிருந்து 1.5 மீட்டராவது தள்ளியிருக்க வேண்டும். நெருங்கினால் முடியின் ஓரத்தில் பச்சை ஏறும். பச்சை போர்த்திய 45 செ.மீ. பெஞ்சில் குப்புறப் படுக்கவைத்து, டேபிள் ஃபேனை முகத்துக்கு வையுங்கள். இருபுறமும் பெரியவர் நிற்க வேண்டும். கழுத்து வலிக்கும், ஆகவே ஒரு டேக் 30 நொடிக்குள். கைனமாஸ்டர், இலவச டாவின்சி ரிசால்வ் ஆகிய எடிட்டிங் செயலிகளில் பச்சையை நீக்கும் வசதி உண்டு.

வேகமும் பலமும்

வேகக்காரன் சாதாரணமாக ஓடட்டும். சுற்றி இருப்பவர்கள் எல்லாவற்றையும் நாலில் ஒரு பங்கு வேகத்தில் செய்ய வேண்டும், பிறகு மொத்தத்தையும் 4 மடங்கு வேகமாக்குங்கள். தலையைத் திருப்ப 4 நொடி என்று மனதுக்குள் எண்ணச் சொல்லுங்கள். கண் இமைப்பதுதான் காட்டிக்கொடுக்கும். வேகமாக்கும்போது பாட்டி படபடவென்று இமைப்பார். இந்த ஷாட்டில் வசனமும் கூடாது. அவன் போன வழியில் காகிதம் பறக்க ஃபேன் போதும், முகப்பவுடரைத் தூவாதீர்கள். பிள்ளைகளின் நுரையீரலுக்கு ஆகாது. திரும்ப முடியாமல் மோதுவதைப் படமே பிடிக்க வேண்டாம். ஃப்ரேமை விட்டு ஓடட்டும், ஒன்றரை நொடி நிசப்தம், பிறகு எவர்சில்வர் பாத்திரங்கள் உருளும் சத்தம். மோதலைக் காட்டுவதைவிட இதற்குச் சிரிப்பு அதிகம், யாருக்கும் அடியும் படாது.

பலத்தைப் பொருளல்ல, நடிப்பும் ஒலியும்தான் காட்ட வேண்டும். தெர்மாகோல் பாறையைப் பிள்ளை தூக்குவதற்கு முன் இரண்டு பெரியவர்கள் தள்ளித் தோற்க வேண்டும். கீழே வைக்கும்போது 5 கிலோ அரிசிப் பையை மெத்தையில் போட்ட ஒலியைச் சேருங்கள். ஒலியும் பொருள் தரை தொடும் ஃப்ரேமும் 2 ஃப்ரேம் தவறினாலே பாறை தெர்மாகோலாகிவிடும். கட்டில் எழும்பும் காட்சியில், ஃப்ரேமுக்கு வெளியே நிற்கும் இரண்டு பேர் கட்டிலின் கால்களைப் பிடித்துத் தூக்க, கட்டிலின் நடுவையும் அவள் முகத்தையும் மட்டும் காட்டுங்கள். மேலங்கி பறக்கும் ஒலிக்கு வேட்டியை மைக் பக்கத்தில் உதறுங்கள். வசனத்துக்கு இன்னொரு கைபேசியை நடிப்பவர் சட்டைப் பையில் ரெக்கார்டிங்கில் போட்டு, ஆரம்பத்தில் ஒரு கைதட்டல் வைத்தால் எடிட்டில் பொருத்தலாம்.

மழைக்குப் பூவாளி, பின்னணியில் இடி. தண்ணீர் பிள்ளைகளுக்கும் லென்ஸுக்கும் நடுவில் விழுந்தால் போதும், ஒருவரும் நனைய வேண்டியதில்லை.

மாடியும் நேரமும்

மொட்டை மாடியில் கைப்பிடிச் சுவரிலிருந்து 2 மீட்டருக்குள் எந்தப் பிள்ளையும் வரக் கூடாது. சாக்பீஸ் கோடு போட்டு, அதைப் பார்க்க மட்டுமே ஒரு பெரியவரை நிறுத்துங்கள். காலை 9 மணிக்குள் அல்லது மாலை 4-க்கு மேல், இல்லாவிட்டால் தரை காலைச் சுடும். காற்றில் குதிக்கும் காட்சிகளை முதலில் எடுங்கள், வசனம் பிறகு. களைத்த பிள்ளை பேசிவிடும், ஆனால் குதிக்காது. தொழில்முறைப் படங்களுக்கே இந்திய விதிகள் குழந்தைக் கலைஞருக்கு ஒரு நாளில் 5 மணி நேரம், ஓய்வில்லாமல் 3 மணி நேரம் என்றுதான் வரம்பு வைத்திருக்கின்றன. வீட்டுப் படத்துக்கு ஒரு வேளைக்கு 2 மணி நேரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மூன்று காலைகளில் முடியும்.

சினிமாப் பாட்டைப் பின்னணியில் போட்டால் யூடியூப் உரிமைக் கோரிக்கை எழுப்பும். அதன் ஆடியோ லைப்ரரியிலேயே இசை கிடைக்கும். ஏற்றுவதற்கு முன் நாலு வீட்டுப் பெற்றோரும் முழுப் படத்தைப் பார்த்துச் சம்மதிக்க வேண்டும். பள்ளிச் சீருடை, பேட்ஜ், வீட்டு எண், வண்டி எண் எதுவும் எந்த ஃப்ரேமிலும் இருக்கக் கூடாது. 'குழந்தைகளுக்கானது' என்று குறித்தால் கருத்துப் பகுதி தானாகவே மூடிவிடும். பறக்கும் காட்சி தரையில் குதித்து எடுக்கப்பட்டது என்பதைக் காட்டும் 15 நொடித் துண்டைக் கடைசி டைட்டிலோடு ஓட விடுங்கள். பக்கத்து வீட்டுக் குட்டி யாரும் மாடிச் சுவரிலிருந்து முயன்று பார்க்காமல் இருப்பதற்காக.