குழாயில் தண்ணீர் வேகம் குறைந்தால்

கோவை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கங்களில் போர் தண்ணீரை நம்பியிருக்கும் வீடுகளில், குழாயில் வேகம் குறைந்தவுடனே மோட்டாரைத்தான் பலரும் சந்தேகிக்கிறோம். ஆழ்துளைக் கிணற்றிலிருந்து மோட்டாரை மேலே எடுப்பது செலவு மிகுந்த வேலை என்பதால், முதலில் குறைவு ஒரு குழாயில் மட்டுமா, வீடு முழுவதுமா என்று தயவுசெய்து பார்த்துவிடுங்கள்.

ஒன்றில் மட்டும் என்றால், குழாய் முனையிலுள்ள சிறு வலையைக் கழற்றிப் பாருங்கள். உப்புத் தண்ணீர் வரும் வீடுகளில் வெள்ளைப் பொருக்கும் மணலும் அதன் கண்களை அடைத்திருக்கும். அரை மணி நேரம் வினிகரில் ஊறவைத்து, பழைய பல் துலக்கியால் தேய்த்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

வீடு முழுவதும் குறைவாக இருந்து, பிரஷர் டேங்க் (அடைத்த காற்றின் அழுத்தத்தால் நீரைக் குழாய்க்குத் தள்ளும் மூடிய தொட்டி) பொருத்திய மோட்டார் சில நொடிகளுக்கு ஒருமுறை ஓடி நின்றால், டேங்கில் காற்று குறைந்திருக்கலாம். மின்சாரத்தை நிறுத்தி, நீரை முழுவதும் வடித்த பிறகே காற்றை அளக்க வேண்டும். மோட்டார் 30 பிஎஸ்ஐ (அழுத்தத்தை அளக்கும் அலகு) அளவில் ஓடத் தொடங்குமானால், காற்று 28 பிஎஸ்ஐ இருப்பது சரி. காற்று வால்வை அழுத்தும்போது தண்ணீர் வந்தால் உள்ளிருக்கும் ரப்பர் பை கிழிந்துவிட்டது என்று பொருள்.

மாடித் தொட்டி மட்டும் உள்ள வீடுகளில் 10 மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ 1 பார் (இதுவும் அழுத்த அலகுதான்) அழுத்தமே கிடைக்கும் என்பதால், தொட்டிக்குச் சற்றுக் கீழே உள்ள ஷவரில் மெதுவாக வருவது பழுதன்று.

கோடையில் தொட்டிக்கு வரும் நீரே காற்றோடு விட்டுவிட்டு வந்தால், கிணற்றில் நீர்மட்டம் இறங்கியிருக்கலாம். மோட்டாரை உடனே நிறுத்திவிடுங்கள், நீரின்றி ஓடினால் அது எரிந்துபோகும்.