இரட்டை நெக் ஸ்டீல் கிட்டார்: செத்தது பிக்கப் அல்ல

1950களின் இரட்டை நெக் ஸ்டீல் கிட்டார் (படுக்கவைத்து, கம்பிமேல் உலோகத் துண்டை நகர்த்தி வாசிப்பது) ஒன்று விற்பனைக்கு வந்தது. நெக்குக்கு எட்டுக் கம்பி. பின் நெக் அருமையாக ஒலித்தது, முன் நெக்கில் சத்தமே இல்லை. “பிக்கப் போயிடுச்சு” என்று விற்றவரே விலையைக் குறைத்தார். கம்பியின் அதிர்வை மின்சைகையாக மாற்றும் காந்தமும் கம்பிச்சுருளும்தான் (காயில்) பிக்கப். எனக்கோ இரண்டும் வேண்டும். ஒன்றில் சி6, இன்னொன்றில் ஈ13 என்ற டியூனிங்கை வைத்துவிட்டால், பாட்டுக்கு நடுவே டியூனிங் மாற்றும் தொல்லை இல்லை.

காயிலைப் புதிதாகச் சுற்றக் கொடுக்குமுன் மல்டிமீட்டரை எடுத்தேன். வால்யூமை முழுதாகத் திறந்து, கேபிள் செருகும் ஜாக்கில் மின்தடையை அளந்தால், பின் நெக் சுமார் 7 கிலோ ஓம் காட்டியது. முன் நெக்குக்கு மாற்றினால் 250 கிலோ ஓம். அது வால்யூம் பாட்டின் (pot, ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மாறுமின்தடை) அளவு மட்டுமே. பிக்கப் இணைப்பிலேயே இல்லை என்று அர்த்தம். சரி, எங்கே அறுந்தது? பிக்கப் வயரை ஸ்விட்சிலிருந்து சால்டர் உருக்கிப் பிரித்து நேராக அளந்தேன். அதே 7 கிலோ ஓம்! காயில் உயிரோடுதான் இருந்தது.

குற்றவாளி நெக் மாற்றும் ஸ்விட்ச். அதன் தகடுகளில் கறுப்பாகக் களிம்பு. காண்டாக்ட் கிளீனரில் நனைத்த கெட்டித்தாளை இடுக்கில் விட்டு இழுத்தேன், தாள் கரியாக வந்தது. உப்புத்தாளைத் தொடாதீர்கள், மேல்பூச்சு போய்விடும். இழுத்து இழுத்துத் தாள் வெள்ளையாக வந்தபின் வயரைத் திரும்பப் பற்றவைத்தேன்.

முன் நெக் பேசியது. அசல் காயிலும் தப்பியது. பழைய கருவியின் மதிப்புக்கு அது முக்கியம். கரகரத்த வால்யூம் பாட்டுக்கும் அதே கிளீனர் போதுமாயிருந்தது.